'மா' என்ற ஓரெழுத்து: தமிழிலும் பிற மொழிகளிலும்

சொல்லேர் (மதுரை)

பள்ளியில் ஓரெழுத்து ஒருமொழி, அதாவது ஓர் எழுத்தே பொருள் தரும் சொல்லாக நிற்பது, படித்தது நினைவிருக்கும். நன்னூல் கணக்கில் மொத்தம் 42. உயிரில் 6, ம வரிசையில் 6, த, ப, ந மூன்றிலும் ஐந்தைந்து, க, ச, வ மூன்றிலும் நந்நான்கு, ய-வில் ஒன்று, அப்புறம் நொ, து என்று குறில் இரண்டு. இந்த 42-இல் அதிகப் பொருளைத் தாங்கி நிற்பது 'மா' என்பது என் எண்ணம்.

மா என்றால் மாமரம். மா என்றால் விலங்கு: சிங்கம் அரிமா, யானை கைம்மா. ஊர் எல்லையில் அரிமா சங்கம் வைத்த வரவேற்புப் பலகையிலும் இருப்பது இதே மாதான். சங்கப் பாட்டில் பல இடங்களில் அது குதிரையை மட்டும் குறிக்கும். மா என்றால் பெரியது: மாநகரம், மாநாடு. மா என்றால் கருமை: மாயோன், மாநிறம். அரிசியை இடித்தாலும் மா. கணக்கில் இருபதில் ஒன்று மா. திருமகளுக்கும் மா என்று ஒரு பெயர் உண்டு. மாதவன் என்பதற்கு 'மாவின் தலைவன்' என்று பொருள் சொல்வது அதை வைத்துத்தான்.

இரண்டு கேள்விகள். இவை எல்லாம் ஒரே சொல் கிளைத்ததா, இல்லை வெவ்வேறு சொற்கள் ஒரே ஒலியில் வந்து சேர்ந்தனவா? வெளியூர், வெளிநாட்டில் இருப்பவர்கள் அங்கே 'மா' என்றால் என்ன என்றும் எழுதுங்கள்.

குறுவைக்காரர் (தஞ்சாவூர் மாவட்டம்)

இருபதில் ஒன்று என்பதை ஏட்டுக் கணக்கு என்று விட்டுவிடாதீர்கள். இங்கே இன்றைக்கும் நிலம் பேசுவது மாவில்தான். 'அவருக்கு ஆத்துப் பாசனத்துல ஆறு மா இருக்கு' என்றால் இரண்டு ஏக்கர் என்று சின்னப் பிள்ளைக்கும் புரியும். ஒரு மா 100 குழி, ஏறக்குறைய 33 சென்ட். மூன்று மா ஓர் ஏக்கர். 20 மா ஒரு வேலி. வேலியில் இருபதில் ஒரு பங்கு என்பதால்தான் அது மா. பின்னமும் நில அளவும் இரண்டு சொல் இல்லை, ஒன்றுதான்.

பத்திரத்தில் ஹெக்டேர், ஏர் என்று போடுகிறார்கள். அது அலுவலகத்துக்கு. நாற்று, உரம், அறுவடைக் கூலி, குத்தகை எதைப் பேசினாலும் 'மாவுக்கு எவ்வளவு' என்பதுதான் கேள்வி. பெரியகோயில் கல்வெட்டிலும் நிலத்தை வேலி, மா, காணி, முந்திரிகை, அதற்கும் கீழே என்று உடைத்து உடைத்துத்தான் எழுதியிருக்கிறார்கள்.

மாகாணி என்ற பின்னம் எப்படி வந்தது என்று யோசித்திருக்கிறீர்களா? மா 1/20, காணி 1/80. இரண்டையும் கூட்டினால் 5/80, அதாவது 1/16. பெயரிலேயே கூட்டல் இருக்கிறது.

பிட்டுக்குழல் (யாழ்ப்பாணம்)

நாங்கள் 'மாவு' என்று சொல்வதே இல்லை. அரிசி மா, கோதுமை மா, குரக்கன் மா, உழுத்தம்மா. கடையில் 'ஒரு கிலோ மா தாங்கோ' என்றால் போதும். கோதுமை மாவை அவித்து, அரித்து வைத்தால் அது அவிச்ச மா. பிட்டுக்கும் இடியப்பத்துக்கும் அதுதான் சுகம். எங்கட பள்ளிப் புத்தகத்தில் உருளைக்கிழங்கில் இருப்பது மாப்பொருள். தமிழ்நாட்டுப் புத்தகத்தில் அது மாவுச்சத்து.

சிங்களத்தில் 'மம' என்றால் நான். நீட்டி 'மாமா' என்றால் மாமாவேதான். அவர்களுக்கு மா என்றால் பிட்டி, மாம்பழம் என்றால் அம்ப. ஒரே தீவில் இருந்தும் இந்த இரண்டு மாவும் அந்தப் பக்கம் போகவில்லை.

தேக்காவாசி (சிங்கப்பூர்)

சீன மொழி இல்லாமல் இந்த உரையாடல் இழை நகராது. நேர்த்தொனியில் மா என்றால் அம்மா. ஏறும் தொனியில் சணல். இறங்கி ஏறினால் குதிரை. சட்டென்று இறங்கினால் திட்டுவது. தொனியே இல்லாமல் வாக்கியக் கடைசியில் போட்டால் கேள்வி. எனவே 'அம்மா குதிரையைத் திட்டுகிறாளா?' என்பதை மாமா மா மா மா என்று சொல்லிவிடலாம். புதிதாகப் படிப்பவர்களை அழவைக்க ஆசிரியர்கள் வைத்திருக்கும் வாக்கியம் அது.

எழுத்தில் ஒரு வேடிக்கை. குதிரைக்கு ஓர் எழுத்து இருக்கிறது. அம்மா என்று எழுத, 'பெண்' குறியை இடப்பக்கம் வைத்து அதன் பக்கத்தில் குதிரையை வைப்பார்கள். திட்டுவதற்கு இரண்டு வாயும் ஒரு குதிரையும். கேள்விச் சொல்லுக்கு ஒரு வாயும் ஒரு குதிரையும். குதிரைக்கும் அம்மாவுக்கும் பொருள் உறவு எதுவும் கிடையாது. உச்சரிப்பைக் காட்டுவதற்காகக் குதிரையைக் கடன் வாங்கியிருக்கிறார்கள்.

சணல் என்ற மாவுக்கு மரத்துப்போவது என்றும் பொருள். இங்கே உணவங்காடியில் 'மாலா' என்று விற்கிறார்களே, நாக்கு மரத்துப்போகும் காரம், அதில் முதல் பாதி இந்த மாதான்.

சொல்லேர்

அருமை. வியட்நாமில் யாராவது இருக்கிறீர்களா?

மேகாங் (ஹோ சி மின் நகரம்)

இருக்கிறேன். இங்கே ஆறு தொனி, ஆறு மா: பேய், ஆனால், அம்மா, சமாதி, குதிரை, நெல் நாற்று. குறுவைக்காரர் அண்ணனுக்குக் கடைசி மா பிடிக்கும். குதிரைக்கான மா சீனத்திலிருந்து வந்தது. தாய்லாந்து மொழியில் மா என்றால் வா. தொனி மாறினால் குதிரை, இன்னொரு தொனியில் நாய். ஆளை 'வா' என்று கூப்பிடும்போது கவனமாக இருக்க வேண்டும்.

ஆதிமொழி (கோயம்புத்தூர்)

எல்லாரும் தகவலை அடுக்குகிறீர்கள், முடிவைச் சொல்லத் தயங்குகிறீர்கள். தமிழில் மா குதிரை, சீனத்தில் மா குதிரை. தமிழில் மா பெரியது, வடமொழியில் மகா. தமிழில் மா நில அளவு, பின்லாந்தில் 'மா' என்றால் நிலமேதான். வேண்டுமானால் தேடிப் பாருங்கள். கொரியாவில் அப்பாவை அப்பா என்றும் அம்மாவை ஓம்மா என்றும் கூப்பிடுகிறார்கள். இத்தனையும் தற்செயலா? மூல மொழி எது என்பதை ஒத்துக்கொள்ள ஏன் இவ்வளவு தயக்கம்?

கிம்ச்சி_ஊறுகாய் (சென்னை)

கொரியத் தொடர் பார்க்க ஆரம்பித்ததிலிருந்து எனக்கும் இதே கேள்விதான்! அந்த அயுத்தா இளவரசி கதையும் இருக்கிறதே, கப்பலில் போய்க் கொரிய அரசர் சுரோவைக் கல்யாணம் பண்ணியது. அவர் தமிழ்நாட்டுக்காரர் என்று காணொளிகளில் சொல்கிறார்களே?

வேர்க்கிழங்கு (புதுச்சேரி)

ஆதிமொழி ஐயா, நீங்கள் வைத்த நான்கையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். நான்கும் நான்கு விதம்.

குதிரையிலிருந்து தொடங்குகிறேன். சீனத்தில் இன்றைக்கு மா. பழைய சீனத்தில் அப்படி இல்லை. ம-வுக்கு அடுத்து ஒரு ர இருந்தது என்றுதான் ஆய்வாளர்கள் மீட்டெடுத்திருக்கிறார்கள், ஏறக்குறைய 'ம்ரா' என்பது போல. இதற்குச் சாட்சி பர்மிய மொழி. அது சீனத்தின் தூரத்து உறவு. அங்கே குதிரையை 'மியின்' என்று உச்சரிப்பார்கள், ஆனால் எழுதும்போது இன்றும் ம-வோடு ர சேர்த்த எழுத்தைத்தான் போடுகிறார்கள். தமிழ் மாவில் அந்த ர-வுக்கு எந்தத் தடயமும் இல்லை. போதாததற்கு, தமிழில் மாவின் முதல் பொருள் விலங்கு. 'மாவும் மாக்களும் ஐயறிவினவே' என்பது தொல்காப்பியம். குதிரை என்பது அதில் ஒரு சிறப்புப் பொருள். குதிரையே நமக்குக் கடல் வழியாக வந்து இறங்கிய சரக்கு. பட்டினப்பாலை காவிரிப்பூம்பட்டினத்தில் 'நீரின் வந்த நிமிர்பரிப் புரவி' என்றுதான் சொல்கிறது. நாம் வாங்கிய மிருகத்துக்குச் சீனர்கள் நம்மிடம் பெயர் வாங்கினார்கள் என்றால் கணக்கு உதைக்கிறது.

இன்றைய ஒலி ஒன்றாக இருக்கிறது என்பது உறவுக்குச் சான்றே இல்லை. ஆஸ்திரேலியாவில் குவீன்ஸ்லாந்துப் பகுதியில் ம்பாபரம் என்று ஒரு பழங்குடி மொழி இருந்தது. அதைப் பதிவு செய்யப் போன டிக்சன் என்ற மொழியியலாளர், நாய்க்கு உங்கள் மொழியில் என்ன என்று கேட்டார். வந்த பதில் 'டாக்'. ஆங்கிலச் சொல்லேதான் என்று முதலில் தோன்றும். ஆனால் பக்கத்து மொழிகளில் நாய் 'குடகா'. ம்பாபரத்தில் சொல்லின் முதல் அசை உதிர்வதும் கடைசி உயிர் உதிர்வதும் வழக்கம், மற்ற சொற்களிலும் அப்படியே நடந்திருக்கிறது. குடகா தேய்ந்து டாக் ஆகிவிட்டது. ஆங்கிலத்துக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

சொல் சிறியதாக ஆக ஆக இப்படிப்பட்ட தற்செயல் மலிவாகக் கிடைக்கும். ம், ஆ இரண்டும் உலகில் ஏறக்குறைய எல்லா மொழியிலும் உண்டு. 'மா' என்ற கட்டை எந்த மொழியும் சும்மா விட்டுவைக்காது. ஆறேழு பொருள் உள்ள தமிழ் மாவை ஒரு பக்கமும், ஆறேழு ஆயிரம் மொழிகளை மறுபக்கமும் வைத்துத் தேடினால் எங்கேயாவது பொருந்தத்தான் செய்யும்.

அப்பா அம்மாவுக்கு அடுத்து வருகிறேன். அது வேறு கதை.

ஆதிமொழி

ம்பாபரம் ஒன்றைக் காட்டி எல்லாவற்றையும் தற்செயல் ஆக்கிவிட முடியாது. எதை வைத்துத்தான் உறவு என்று ஒத்துக்கொள்வீர்கள்?

வேர்க்கிழங்கு

நல்ல கேள்வி. ஒழுங்கை வைத்து. கன்னடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பால் அங்கே ஹாலு, பல் ஹல்லு, புலி ஹுலி, பூ ஹூவு, பாடு ஹாடு. ஒலி ஒன்றாகவே இல்லை, ஆனால் உறவு உறுதி. ஏனென்றால் முதலில் வரும் ப அங்கே ஹ ஆவது ஒன்றிரண்டில் இல்லை, வரிசையாக நடக்கிறது. பழங்கன்னடக் கல்வெட்டுகளில் அந்த ப இருப்பதையும் பார்க்கலாம். ஒத்திருப்பதைத் தேடாதீர்கள், ஒழுங்காக வேறுபடுவதைத் தேடுங்கள். தமிழுக்கும் சீனத்துக்கும் இப்படி ஒரு பத்துச் சொல் வரிசையைக் காட்டுங்கள், நானே உங்கள் பக்கம் வந்துவிடுகிறேன்.

பனிக்கரடி (ஹெல்சிங்கி)

பின்லாந்து என்று பேர் அடிபட்டதால் வந்தேன். ஆமாம், இங்கே 'மா' என்றால் நிலம், மண், நாடு, எல்லாம். உலகம் என்பதற்கு 'மாஇல்மா'. மா நிலம், இல்மா காற்று. அழகான சொல். எஸ்தோனியாவிலும் நிலம் மாதான், ஆனால் அங்கே குறுக்கிச் சொன்னால் 'ம' என்பது 'நான்'. ஹங்கேரியில் 'ம' என்றால் இன்று. உறவு மொழிகளுக்குள்ளேயே இப்படி.

ஆனால் ஆதிமொழி அண்ணே, தமிழில் மா என்ற நில அளவு நிலம் என்ற பொருளில் வந்ததில்லையே. குறுவைக்காரர்தான் சொல்லிவிட்டார், வேலியில் இருபதில் ஒன்று என்பதால் மா. 'மாநிலம்' என்பதிலும் நிலம் என்ற பொருளைத் தருவது நிலம், மா அங்கே பெரிய.

இன்னொரு வேடிக்கை. இங்கே திங்கட்கிழமைக்கு 'மானந்தாய்' என்று பெயர். 'மான்' என்றால் இந்த மொழியில் 'நிலத்தின்' என்று பொருள், அதனால் நிலத்துக்கு உரிய நாள் என்று வந்த புதிதில் யாரும் நினைப்பார்கள். உண்மையில் அது ஸ்வீடியக்காரர்களிடம் வாங்கிய சொல். அவர்கள் மொழியில் நிலாவின் நாள்.

வேர்க்கிழங்கு

பனிக்கரடி போட்டது பெரிய புதையல். அந்த ஸ்வீடிய நிலாவும் வடமொழி மாசமும் ஒரே இந்தோ-ஐரோப்பிய வேர். நிலாவை வைத்து நாளை அளந்ததால் 'அளத்தல்' என்ற மூலத்தோடு அதை இணைப்பார்கள். நாம் சொல்லும் மாத்திரையும் வடமொழியில் அந்த அளத்தலிலிருந்து வந்ததே. வடமொழி மாசம் தமிழுக்கு வந்து மாதம் ஆனது. ஆக, பின்லாந்தின் திங்கட்கிழமைக்கும் நம் மாதத்துக்கும் உண்மையான உறவு உண்டு. பின்லாந்தின் நிலத்துக்கும் நம் மாவுக்கும் இல்லை. கண்ணுக்குத் தெரிகிற ஒற்றுமை பொய்யாகவும், தெரியாதது மெய்யாகவும் இருக்கிறது.

பின்னிய மொழியோடு திராவிடத்தை ஒப்பிட்டது புதிதில்லை. கால்டுவெல்லே 1856-இல் வெளியிட்ட ஒப்பிலக்கணத்தில் பின்னியம், துருக்கியம் எல்லாவற்றையும் 'சித்திய' மொழிகள் என்று ஒரே குடையில் போட்டு, திராவிடத்தை அவற்றோடு சேர்க்கப் பார்த்தார். அந்த வகைப்பாட்டை இன்று மொழியியலில் யாரும் ஏற்பதில்லை. திராவிட மொழிகள் தனிக் குடும்பம் என்று அவர் காட்டியதுதான் நிலைத்தது.

மட்டுறுத்துநர்

நடுவில் இரண்டு பதிவுகள் நீக்கப்பட்டுள்ளன. கருத்தோடு மோதுங்கள், ஆளின் பிறப்பை ஆராய வேண்டாம். இழை தொடரட்டும்.

வேர்க்கிழங்கு

இப்போது அப்பா அம்மா. கிம்ச்சி_ஊறுகாய், கொரியச் சொல் உண்மைதான். 'ஓம்மா', 'அப்பா' இரண்டும் குழந்தைகள் கூப்பிடும் சொற்கள். மரியாதையாகச் சொன்னால் 'ஓமொனி', 'அபொஜி'. இளவரசி கதை 13-ஆம் நூற்றாண்டில் தொகுக்கப்பட்ட சம்குக் யுசா என்ற நூலில் இருக்கிறது. அவர் கி.பி. 48-இல் அயுத்தாவிலிருந்து வந்ததாக எழுதியிருக்கிறது. நடந்ததாகச் சொல்லும் காலத்துக்கும் எழுதிய காலத்துக்கும் ஆயிரம் ஆண்டுக்கு மேல் இடைவெளி. அயுத்தா அயோத்தி என்று ஒரு கட்சி, தமிழகம் என்று ஒரு கட்சி. இருக்கட்டும். கேள்வி என்னவென்றால், அம்மா அப்பா என்ற சொல்லுக்குக் கப்பல் தேவையா?

எபிரேயத்தில் இன்றும் அப்பாவுக்கு 'அப்பா', அம்மாவுக்கு 'இமா'. ஸ்பெயின் பக்கத்துப் பாஸ்க் மொழியில் அம்மாவுக்கு 'அமா'. அந்த மொழிக்கு உலகில் எந்த மொழியோடும் உறவு நிறுவப்படவில்லை. தென் அமெரிக்காவில் கெச்சுவாவில் 'மாமா'. இவர்கள் எல்லார் வீட்டுக்கும் இளவரசி போயிருக்க முடியாது.

மர்டாக் என்ற மானிடவியலாளர் உலக மொழிகளிலிருந்து தாய், தந்தைக்கான 1,072 சொற்களைத் திரட்டினார். அதை வைத்து ரோமான் யாக்கப்சன் 1959-இல் ஒரு விளக்கம் சொன்னார். குழந்தை பால் குடிக்கும்போது வாய் மூடியிருக்கும், மூக்கு வழியாகத்தான் முனகல் வரும். அந்த முனகல் ம். பசித்தால் அதே ம்-மோடு வாயைத் திறக்கும், மா வந்துவிடும். பிள்ளை கூப்பிடுவது பாலைத்தான். தன்னைத்தான் கூப்பிடுகிறது என்று அம்மா எடுத்துக்கொள்கிறாள். உதட்டை மூடித் திறக்கும் ப, ப் அப்பாவுக்குப் போகிறது. இந்தச் சொற்கள் மொழிக்கு மொழி கடத்தப்பட வேண்டியதே இல்லை. ஒவ்வொரு தொட்டிலிலும் புதிதாகப் பிறந்துகொள்ளும்.

பிட்டுக்குழல்

அப்படியென்றால் எல்லா ஊரிலும் மா அம்மாவாகத்தானே இருக்க வேணும்?

வேர்க்கிழங்கு

அக்கா, அங்கேதான் சுவை. ஜார்ஜிய மொழியில் 'மாமா' என்றால் அப்பா. அம்மாவுக்கு 'தேதா'. நடு ஆஸ்திரேலியாவின் பிட்ஜன்ஜாரா மொழியிலும் மாமா அப்பாதான். குழந்தை ஒலியை மட்டும் தருகிறது. அதை யாருக்குச் சூட்டுவது என்பது பெரியவர்கள் முடிவு. நாம் மாமாவை அம்மாவின் தம்பிக்குக் கொடுத்திருக்கிறோம். மோஹாக் போன்ற வட அமெரிக்க மொழிகளில் உதட்டைச் சேர்த்து ஒலிக்கும் ம, ப இரண்டுமே கிடையாது, அங்கே இந்தக் கதையே செல்லாது.

ஜப்பானியத்தில் அம்மா 'ஹஹா'. இதில் உதடு ஒட்டவே ஒட்டாது. ஆனால் 16-ஆம் நூற்றாண்டு விடுகதை ஒன்று அங்கே உண்டு: 'அம்மாவுக்கு இரண்டு முறை சந்திக்கும், அப்பாவுக்கு ஒரு முறைகூடச் சந்திக்காது, அது என்ன?' விடை, உதடு. அப்பா என்பதற்கு 'சிச்சி', அதில் உதடு சேராது, சரி. ஹஹாவில் எங்கே சேர்கிறது? அந்தக் காலத்தில் அதை உதட்டைக் குவித்து 'ஃபஃபா' என்பது போலச் சொன்னார்கள், அதற்கும் முன்னால் 'பபா'. கன்னடத்தில் நடந்த அதே ப, ஹ மாற்றம் ஜப்பானிலும் நடந்திருக்கிறது. இதை வைத்துக் கன்னடரும் ஜப்பானியரும் பங்காளி என்று யாரும் கிளம்பிவிடாதீர்கள். உதட்டைக் குவிக்கச் சோம்பல்படுவது எல்லா ஊரிலும் நடப்பதுதான்.

கிம்ச்சி_ஊறுகாய்

அப்போ என் அம்மாவும் கொரியா அம்மாவும் சொந்தம் இல்லை. சரி, தொடரைத் தொடர்ந்து பார்க்க அது தடையில்லை.

மரபுவாத்தியார் (திருநெல்வேலி)

பணி ஓய்வு பெற்ற தமிழாசிரியன். சொல்லேர் முதலில் கேட்ட கேள்விக்கு, இவை ஒரே சொல்லா என்பதற்கு, யாரும் பதில் சொல்லாததால் எழுதுகிறேன். வெளிநாட்டுக்குப் போகவே வேண்டாம். புணர்ச்சியை, அதாவது அடுத்த சொல்லோடு சேரும் விதத்தைப் பாருங்கள், மா தானாகவே யார் என்று சொல்லிவிடும்.

மரமாகிய மா: மாங்காய், மாம்பழம், மாந்தோப்பு, மாந்தளிர். மெல்லெழுத்து மிகும். அரைத்த மா: மாக்கோலம், மாப்பொருள். வல்லெழுத்து மிகும். 'மாங்கோலம்' என்று யாரும் சொல்வதில்லை. பெரிய என்ற மா: மாபெரும், மாதவம். பெரும்பாலும் எதுவும் மிகாது. 'இந்துமாக்கடல்' என்று மிகுத்து எழுதுவாரும் உண்டு. விலங்காகிய மாவுக்குத் தொல்காப்பியர் தனி வழி வைத்திருக்கிறார்: 'னகரம் ஒற்றும் ஆவும் மாவும்'. ஆவின் கொம்பு ஆன்கோடு, மாவின் கொம்பு மான்கோடு. அதே இடத்தில் மரத்தை 'மாமரக் கிளவி' என்று பெயர் சொல்லிப் பிரித்துக் காட்டுகிறார், விலங்கோடு குழம்பிவிடக் கூடாது என்பதற்காக. ஒலி ஒன்று, சொல் வேறு என்பதை அவரே கையாண்டிருக்கிறார்.

இது போக, பொருளே இல்லாத மா ஒன்றும் இருக்கிறது. 'மாவென் கிளவி வியங்கோள் அசைச்சொல்.' உரையாசிரியர்கள் தரும் எடுத்துக்காட்டு 'புற்கை உண்கமா கொற்கையோனே'. கொற்கை மன்னன் கூழ் குடிக்கட்டும் என்பதில் மா வெறுமனே உட்கார்ந்திருக்கிறது.

சொல்லேர்

ஐயா, புணர்ச்சி இப்படித் துப்புக் கொடுக்கும் என்று நினைக்கவில்லை. அப்படியே மாநகரத்து மா தமிழா, மகாவிலிருந்து தேய்ந்ததா என்பதையும் சொல்லிவிடுங்கள்.

மரபுவாத்தியார்

'மாநிலத்து மன்னுயிர்க் கெல்லாம் இனிது' என்று குறளில் இருக்கிறது. மாண், மாண்பு, மாட்சி என்று ஒரு குடும்பமே அதன் பக்கத்தில் நிற்பதால் மா தமிழ் என்பது என் கட்சி. ஆனால் பிற்காலத்தில் மகாவும் வந்து அதே நாற்காலியில் உட்கார்ந்துகொண்டது. மாமுனி என்று எழுதியவர் மனத்தில் இருந்தது எது என்று இன்று பிரிக்க முடியாது.

வேர்க்கிழங்கு

மகாவைப் பற்றி ஒரு துணுக்கு. வடமொழி மஹத், கிரேக்க மெகா, இலத்தீன் மேக்னஸ் எல்லாம் ஒரே வேர். இலத்தீனில் அதே வேரிலிருந்து வந்த 'மாகிஸ்' என்றால் அதிகமாக. அது பேச்சில் தேய்ந்து இத்தாலியத்தில் 'மா' ஆகி, 'ஆனால்' என்ற பொருளுக்கு நகர்ந்துவிட்டது. இத்தாலியர் 'ஆனால்' என்று இழுக்கும்போதெல்லாம் மகாத்மாவின் மகாவுக்கு உறவுக்காரன் ஒருவன் வாயிலிருந்து வருகிறான். இந்தி 'மா' அம்மா; அது வடமொழி மாதா வழி. அதற்கும் இத்தாலிய மாவுக்கும் தொடர்பில்லை.

'வேண்டாம்' என்ற மாவும் ஒன்று உண்டு. வான்மீகியின் முதல் சுலோகம் தொடங்குவதே 'மா நிஷாத' என்று. கீதையின் சரம சுலோகம் முடிவது 'மா சுச', வருந்தாதே. கிரேக்கத்திலும் இதற்கு உறவான 'மே' தடுப்பதற்கு வரும். அரபியில் 'மா' என்றால் இல்லை; துருக்கியில் வினையோடு 'ம' அல்லது 'மே' சேர்த்தால் எதிர்மறை. கெல் வா, கெல்மே வராதே. இந்தக் கடைசி இரண்டும் தனித்தனிக் குடும்பம், வடமொழிக்கும் தங்களுக்குள்ளும் உறவில்லை.

ஆதிமொழி

'மாட்டேன்' என்பதில் இருக்கும் மா உங்கள் கண்ணுக்குத் தெரியவில்லை போலும்.

மரபுவாத்தியார்

தம்பி, மாட்டுதல் என்றால் இயலுதல். மாட்டேன் என்றால் எனக்கு இயலாது. அங்கே மறுப்பது மா இல்லை. மறுக்கும் ஆகார இடைநிலை உள்ளே இருந்து மறைந்துபோயிற்று. மாவில் மறுப்பு இருந்தால் 'மாட்டுவார்' என்று பழைய நூல்களில் உடன்பாட்டில் வருமா?

ஆதிமொழி

சரி, எல்லாவற்றையும் வெட்டிவிட்டீர்கள். தமிழ் மா வெளியே போனதே இல்லை என்கிறீர்களா?

தேக்காவாசி

போயிருக்கிறதே! மாங்காய்தான். மலாயில் 'மங்கா', இங்கே சீனத்தில் 'மாங்குவோ'.

வேர்க்கிழங்கு

அதுதான் சரியான எடுத்துக்காட்டு. 1498-இல் கோழிக்கோட்டில் இறங்கிய போர்ச்சுக்கீசியர், அதற்குப் பிறகு மலையாளத்து 'மாங்ங'வை 'மங்கா' என்று எடுத்துக்கொண்டார்கள். அவர்களிடமிருந்து ஆங்கிலத்துக்கு, ஆங்கிலத்திலிருந்து ஊரெல்லாம். மலாய்க்காரர்கள் தமிழ் வணிகர்களிடம் நேராக வாங்கியிருக்கிறார்கள். யார் ஏற்றினார், எந்தத் துறைமுகம், எந்த வடிவம் எதற்குப் பிறகு வந்தது என்று ஒவ்வொரு படியையும் காட்ட முடிகிறது. உண்மையில் பயணம் போன சொல் இப்படித்தான் தடம் வைத்திருக்கும், ஆதிமொழி ஐயா.

மா + காய். உலகம் முழுக்கப் பழத்தையும் காய் என்ற பெயரில்தான் சாப்பிடுகிறது. ஆரம்பத்தில் ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் மாங்காய் உப்பில் ஊறிய ஊறுகாயாகத்தான் போய்ச் சேர்ந்தது. அதனால் ஆங்கிலத்தில் ஒரு காலத்தில் எந்த ஊறுகாயையும் 'மேங்கோ' என்றார்கள். அமெரிக்காவின் நடுமேற்குப் பகுதியில் பழைய ஆட்கள் குடைமிளகாயையே மேங்கோ என்பார்கள், உள்ளே அடைத்து ஊறப்போட்ட பழக்கத்தால்.

குறுவைக்காரர்

குடைமிளகாய் மாங்காயா! இதை வீட்டில் சொன்னால் சோறு கிடைக்காது.

மேகாங்

இன்னும் ஒன்று பாக்கி. மாரன் இருக்கிறானே, புத்தரைத் தவத்திலிருந்து கலைக்கப் பார்த்தவன், நம் பாட்டில் மன்மதன். புத்த சமயத்தோடு சீனம் போனபோது அவன் பெயரை எழுத ஓர் எழுத்தையே புதிதாக உண்டாக்கினார்கள்: ஒலிக்காக மேலே சணல் 'மா', பொருளுக்காகக் கீழே பேய். இன்றைய சீனத்தில் அதை 'மோ' என்பார்கள். அதே எழுத்து ஜப்பானில் 'ம'. மந்திரவித்தை 'மஹோ', சூனியக்காரி 'மஜோ'. குழந்தைகள் பார்க்கும் ஜப்பானியக் கேலிச்சித்திரத்தில் மந்திரக்கோலைச் சுழற்றும் சிறுமி பெயரில் இருக்கிற அந்த 'ம' நம்ம ஊர் மாரனேதான்.

ஆதிமொழி

மாரன் தமிழ்தானே?

மரபுவாத்தியார்

வடமொழி, தம்பி. 'ம்ரு' என்ற வேர், சாகடிப்பவன். மாறன் என்று வல்லின ற போட்டால் பாண்டியன், அது நம்முடையது.